தொலைந்த தொடர்களைத் தேடிய பதினொரு மாதங்கள்

எல்லோரும் படித்துக் கொண்டாடிய இரண்டு பெரிய மிகைபுனைவுக் காதல் தொடர்களை ஒரே மூச்சில் படித்து முடித்த நாளில்தான் இந்த அனுபவம் தொடங்கியது. கடைசிப் பக்கத்தை மூடிய பிறகு, பல மாதங்கள் உடன் வாழ்ந்த மனிதர்கள் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போனதைப் போன்ற ஒரு வெறுமை மனத்தில் தங்கியது. அதைப் போல இன்னொரு தொடர் வேண்டும், ஆனால் அது ஊரறிந்ததாக இல்லாமல் நானே கண்டெடுத்ததாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையின் பின்னால் பதினொரு மாதங்கள் அலைந்தேன், 43 புத்தகங்கள் வாங்கினேன். அவற்றில் கடைசிப் பக்கம் வரை படித்தவை 14, மறுபடி எடுத்துப் படிக்க விரும்புபவை 9 மட்டுமே. ஓராண்டுக்கென்று புத்தகங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்த பணம் ஐந்தாம் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. யாராவது ஒருவர் முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த நான்கு வார்த்தைகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு உதவி கேட்க ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னைச் சுற்றி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மந்திரமும் காதலும் கலந்த கதை என்றாலே அது பொழுதுபோக்குக்கும் கீழே ஒரு படி என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அவர்களிடம் பேச்செடுத்தால் முதலில் இந்த வகையே ஏன் என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த விளக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே வாய்மூடித் தனியாகத் தேடினேன். கூச்சப்பட்டுத் தனியாகத் தேடியது நான் செய்த முதல் தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். ஒரு நல்ல நூலகரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய சில செய்திகளைக் கற்றுக்கொள்ள எனக்கு அரை ஆண்டு பிடித்தது.

முதல் இரண்டு மாதங்களும் பட்டியல்களிலேயே கழிந்தன. 'அதிகம் அறியப்படாத' என்று தலைப்பிட்ட பட்டியல்களைத் தேடித்தேடிப் படித்தேன். திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் அதே பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் இருந்தன. 2015இல் வெளிவந்த சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்', 2023இல் வெளிவந்த ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' ஆகிய இரண்டும் ஏறக்குறைய எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெற்றிருந்தன. அவை மோசமான நூல்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கானோர் கேள்விப்பட்ட நூல்களை அறியப்படாதவை என்று எப்படி அழைக்க முடியும்? இதற்கான காரணம் பிறகுதான் விளங்கியது. காதலையும் (ரொமான்ஸ்) மிகைபுனைவையும் (ஃபேன்டஸி) சேர்த்துச் சொல்லும் 'ரொமான்டஸி' என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது கடந்த சில ஆண்டுகளில்தான். அந்தச் சொல்லைக் கொண்டு தேடினால், அந்தச் சொல் பரவிய பிறகு வந்த நூல்களும் அதைத் தாங்கிய அட்டைகளும்தான் கிடைக்கும். 1990களிலும் 2000களிலும் வந்த எத்தனையோ காதல் தொடர்கள் வெறும் ஃபேன்டஸி என்ற அடையாளத்துடன் போர்க்கதைகளுக்கு நடுவே அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. நான் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன், அந்த நூல்களுக்கோ அந்தப் பெயர் சூட்டப்படவே இல்லை.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இந்த வகைக்குள்ளேயே இரண்டு கிளைகள் உண்டு. ஒன்றில் இருவர் நெருங்குவதுதான் கதையின் முதுகெலும்பு, மந்திர உலகம் அதற்கான களம். அந்தக் கிளையில் இருவரும் இறுதியில் சேர்ந்து வாழ்வார்கள் என்பது வாசகருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி போன்றது. மற்றொன்றில் அரசியலோ போரோ சாபமோ கதையை நடத்திச் செல்லும், காதல் அதன் ஊடாக ஓடும் ஆறு. இங்கே அந்த வாக்குறுதி இல்லை, காதலர்களில் ஒருவர் இறந்துபோகவும் கூடும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கிய நான்கு நூல்களில் இரண்டை நடு இரவில் அழுதபடி மூடினேன், மற்ற இரண்டைச் சலிப்புடன் மூடினேன். இப்போது எந்த நூலைப் பற்றிப் படித்தாலும் ஒரு சோதனை செய்கிறேன். இந்தக் கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டால் கதை நிற்குமா, மந்திரத்தை எடுத்துவிட்டால் நிற்குமா என்று கேட்டுப் பார்ப்பேன். எதை எடுத்தாலும் சரிந்துவிடும் கதைதான் எனக்கு வேண்டியது. உங்களுக்கு வேண்டியது வேறாக இருக்கலாம், ஆனால் அது எது என்று தெரிந்துகொண்டு தேடத் தொடங்குங்கள்.

மூன்றாம் மாதத்தில்தான் பெரிய அடி விழுந்தது. ஒரு பழைய தொடரின் முதல் நூல் தற்செயலாகக் கையில் கிடைத்தது. எழுத்தாளரின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. எதிரிக் குலங்களைச் சேர்ந்த இருவர், ஒருவரின் உயிர் மற்றவரின் நினைவில் பூட்டப்பட்டிருக்கிறது, நினைவு மங்க மங்க உயிரும் மங்குகிறது. இரண்டு நாளில் முதல் நூலை முடித்தேன், அடுத்த இரண்டையும் உடனே வரவழைத்தேன். மூன்றாம் நூலின் கடைசி அத்தியாயத்தில் அவன் அவளுடைய பெயரை மறந்துவிட்டு, வாசலில் நின்றவளைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்கிறான். அதற்கு அடுத்த பக்கத்தில், நான்காம் நூல் விரைவில் வரும் என்று சாய்வெழுத்தில் ஒரு வரி. அந்த வரி அச்சாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்காம் நூல் வரவே இல்லை. விற்பனை போதாது என்று பதிப்பகம் நிறுத்திவிட்டது என்பதை எழுத்தாளரே பின்னாளில் எழுதிய ஒரு குறிப்பில் படித்தேன். அன்றிரவு எனக்கு வந்த கோபமும் துக்கமும் ஒரு கதைக்காக வந்தவை என்பதை நம்புவது கடினம். பத்து நாள் வேறு எதையும் கையில் எடுக்கவில்லை.

இது விதிவிலக்கு அன்று என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பதிப்பகங்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நூல்களுக்குத்தான் ஒப்பந்தம் போடுகின்றன. முதல் நூல் எதிர்பார்த்த அளவு விற்காவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது, கதை நடுவழியில் நின்றுவிடும். அறியப்படாத தொடர்களைத் தேடுகிறோம் என்றால், அதிகம் விற்காத தொடர்களைத் தேடுகிறோம் என்றுதான் பெரும்பாலும் பொருள். ஆகவே முற்றுப்பெறாத கதை நம் கையில் சிக்கும் வாய்ப்பு மற்ற வாசகர்களைவிட நமக்கு மிக அதிகம். முதல் நூலை வாங்குவதற்கு முன்பே கடைசி நூல் வந்துவிட்டதா என்று பார்ப்பதை இப்போது நான் கட்டாயமாக்கிக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளரின் சொந்த இணையதளத்தில் நூல் வரிசை இருக்கும், அங்கே தொடர் நிறைவுற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஐந்தில் மூன்றாவது என்று அங்கே அச்சிட்டிருப்பது பல நேரங்களில் எழுத்தாளரின் திட்டம் மட்டுமே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொடர் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களை அழைக்கிறோம். ஒரே காதல் இணை எல்லா நூல்களிலும் வருவது ஒரு வகை. நூலுக்கு நூல் வேறு இணை, ஆனால் அதே உலகம், அதே நண்பர் கூட்டம் என்பது இன்னொரு வகை. சி. எல். வில்சனின் 'டைரன் சோல்' முதல் வகை. 2007இல் தொடங்கி 2010இல் முடிந்த ஐந்து நூல்கள், முதல் நூலில் சந்திக்கும் இருவரின் கதைதான் ஐந்தாம் நூலிலும் முடிகிறது. அது முடிந்துவிட்ட தொடர் என்பதால் தைரியமாகத் தொடங்கலாம். ஷாரன் ஷின் 2005இல் தொடங்கிய 'ட்வெல்வ் ஹவுசஸ்' இரண்டாம் வகை. ஒன்றாகப் பயணம் செய்யும் ஒரு சிறு குழுவில் இருப்பவர்களின் காதல்கள் ஒவ்வொரு நூலாக மலர்கின்றன. டி. கிங்ஃபிஷரின் 'செயின்ட் ஆஃப் ஸ்டீல்' வரிசையும் அப்படித்தான். தங்கள் கடவுள் இறந்துபோனதால் நிலைகுலைந்த வீரர்களில் நூலுக்கு ஒருவர், ஒவ்வொன்றிலும் ஒரு காதல் தொடங்கி நிறைவடைகிறது. இந்த இரண்டாம் வகையில் தொடர் நடுவில் நின்றுபோனாலும் கையில் இருக்கும் நூல் முழுமையானதாகவே இருக்கும். முடியாத தொடரைத் தொடங்கியே தீர வேண்டும் என்றால் இந்த வகையில் தொடங்குங்கள்.

அடுத்த இழப்பு சிறியது, ஆனால் எரிச்சல் அதிகம். ஒரே நூலை இரண்டு முறை வாங்கினேன். அட்டை வேறு, தலைப்பு வேறு, விளம்பரக் குறிப்பின் வாசகம்கூட வேறு. நாற்பது பக்கம் படித்த பிறகு, ஒரு குதிரை பாலத்தைக் கடக்க மறுக்கும் காட்சி வந்ததும், இதை முன்பே படித்திருக்கிறோமே என்று நெஞ்சில் ஒரு உறுத்தல். பழைய பிரதியை எடுத்து இரண்டையும் மேசை மீது விரித்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். முதல் வாக்கியத்தைத் தவிர எல்லாம் ஒன்றே. புதிய பிரதியின் பதிப்புரிமைப் பக்கத்தில், கடுகளவு எழுத்தில், இந்நூல் முன்பு வேறு தலைப்பில் வெளிவந்தது என்று அச்சிட்டிருந்தார்கள். அது என் கண்ணில் படவே இல்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பது பிறகு விளங்கியது. ஒரு நூல் அச்சில் இல்லாமல் போனால், ஒப்பந்தத்தின்படி குறிப்பிட்ட நிலையில் உரிமை எழுத்தாளருக்கே திரும்பிவிடும். அவர் அதைப் புது அட்டையுடன், சில நேரம் புதுத் தலைப்புடன், தாமே மின்னூலாக வெளியிடுவார். அறியப்படாத பழைய தொடர்கள் இன்று நம் கைக்குக் கிடைப்பதே பெரும்பாலும் இந்த வழியில்தான், ஆகவே இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குவதற்கு முன் மின்னூலின் மாதிரிப் பகுதியை இறக்கிக்கொண்டு பதிப்புரிமைப் பக்கத்தை வாசித்துவிடுங்கள். முதல் பதிப்பின் ஆண்டு அங்கே இருக்கும், பழைய தலைப்பு இருக்கும், சில நேரம் எழுத்தாளரின் மறுபெயரும் இருக்கும். இன்னொரு துணையும் உண்டு. 'இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ்' என்ற தரவுத்தளத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு நூலின் எல்லாப் பதிப்புகளையும் மாற்றுத் தலைப்புகளையும் தொடர் வரிசையையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு வறண்ட தளம்தான், ஆனால் நான் வாங்கிய நூல்களில் குறைந்தது ஆறைத் தவிர்த்திருக்க அது ஒன்றே போதும்.

எங்கே ஒரு நூல் முடிகிறது என்பதும் நாம் நினைப்பதுபோல எளிதான கேள்வி அன்று. லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் 'தி ஷேரிங் நைஃப்' நான்கு நூல்கள் கொண்டது, 2006 முதல் 2009 வரை வந்தது. அதன் முதல் நூலான 'பிகைல்மென்ட்'டைப் படித்துவிட்டு, கதை பாதியில் நிற்கிறது, பெரிய ஆபத்து தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது, மீதியெல்லாம் திருமணப் பேச்சுதானா என்று ஏமாற்றமடைந்து ஓரமாக வைத்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்துத்தான், முதல் இரண்டு நூல்களும் ஒரே நாவலாக எழுதப்பட்டு நீளம் காரணமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டவை என்று அறிந்தேன். இரண்டாவதான 'லெகஸி'யை எடுத்துத் தொடர்ந்தபோது, நான் குறையென்று நினைத்தது அதன் நடுப்பகுதி என்பது விளங்கியது. பண்ணைக் குடும்பத்திலிருந்து ஓடிவந்த இளம்பெண்ணும், ஒரு கையை இழந்த, அவளைவிட மிகவும் மூத்த காவல்வீரனும் மணந்துகொண்ட பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது, ஏனென்றால் அவன் தரப்பு இந்த மணத்தை ஏற்க மறுக்கிறது. காதலைச் சொல்வதோடு நிறுத்தாமல், மணத்துக்குப் பிறகு இரண்டு சமூகங்களுக்கு நடுவே குடித்தனம் நடத்துவது எப்படி என்று நான்கு நூல்களில் பொறுமையாக ஆராயும் தொடர் அரிது. வயது வேறுபாடு உங்களை உறுத்தும் என்றால் இது உங்களுக்கானது அன்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படிக்கும் வரிசையிலும் கவனம் தேவை. ஷாரன் ஷின்னின் 'சமாரியா' வரிசை 1996இல் 'ஆர்க்கேஞ்சல்' என்ற நூலுடன் தொடங்கியது. தேவதூதர்களின் தலைவனாகப் போகும் ஒருவன், கடவுள் தனக்கென்று குறித்த பெண்ணைத் தேடிச் செல்கிறான். அவள் அடிமையாக இருக்கிறாள், அவனை அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் குறித்த நாளில் இருவரும் சேர்ந்து பாடாவிட்டால் உலகம் அழியும். இந்த வரிசையில் நான்காவதாக வெளிவந்த 'ஏஞ்செலிகா' கதைக்காலப்படி எல்லாவற்றுக்கும் முந்தையது. காலவரிசைதான் முறை என்று எண்ணி நான் அதையே முதலில் எடுத்தேன். அந்த உலகத்தைப் பற்றிய ஒரு பெரிய உண்மையை ஆசிரியர் இரண்டாம் நூலில்தான் வாசகருக்குத் திறந்து காட்டுகிறார். 'ஏஞ்செலிகா'வை முன்னால் படித்த எனக்கு அந்தத் திறப்பில் வியப்பே இல்லாமல் போய்விட்டது. ஒரு நூலை முதன்முறையாகப் படிக்கும் வாய்ப்பு ஒருமுறைதான், அதை நான் கைநழுவவிட்டேன். சந்தேகம் வந்தால் வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள்.

ஆறாம் மாதத்தில், செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். ஏழு தொடர்களைச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் அழகான கதைச்சுருக்கம், ஆண்டு, எத்தனை நூல்கள் என்ற கணக்கு எல்லாம் இருந்தன. அவற்றில் இரண்டு தொடர்கள் உலகில் இல்லவே இல்லை. அவற்றைத் தேடி ஒரு வார மாலைப்பொழுதுகளைச் செலவிட்டேன். எழுத்தாளரின் பெயர் உண்மையானது, அவர் வேறு நூல்கள் எழுதியிருக்கிறார், அதனால்தான் ஐயம் வரவில்லை. அப்படிக் கிடைக்கும் பெயர்களை ஒரு நூலகப் பட்டியலில் சரிபார்க்காமல் ஆசைப்படத் தொடங்க வேண்டாம்.

தேடலின் திசை மாறியது ஒரு பழைய நூலின் முதுகில் இருந்த சின்னஞ்சிறு நிலவுச் சின்னத்தால். மரியா வி. ஸ்னைடரின் 'பாய்சன் ஸ்டடி' அந்த நூல், 2005இல் வந்தது. மரண தண்டனை பெற்ற பெண் ஒருத்திக்கு, தூக்கு அல்லது ஆட்சியாளரின் உணவில் நஞ்சு இருக்கிறதா என்று சுவைத்துப் பார்க்கும் வேலை என்று இரண்டு வழிகள் தரப்படுகின்றன. அவளுக்கு நஞ்சுகளைக் கற்றுக்கொடுக்கும் ஆளுக்கும் அவளுக்கும் இடையே நம்பிக்கை எறும்பூர்வதுபோல வளர்கிறது. நூலை முடித்ததும் அதை வெளியிட்டவர்கள் யார் என்று பார்த்தேன். காதல் நாவல்களுக்குப் பேர்போன ஹார்லெக்வின் நிறுவனம், 2004இல் மிகைபுனைவுக் காதலுக்கென்றே லூனா என்ற தனிப் பிரிவைத் தொடங்கியிருந்தது. அதாவது, நான் தேடிக்கொண்டிருந்த வகையை, அதற்கு இன்றைய பெயர் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பதிப்பகம் ஓர் அலமாரியில் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பிரிவின் பெயரைக் கொண்டு நூலகப் பட்டியலில் தேடியபோது ஒரே மாலையில் இருபதுக்கும் மேற்பட்ட தலைப்புகள் கிடைத்தன. எட்டு மாதத்தில் பட்டியல்கள் தராததை ஒரு நிலவுச் சின்னம் தந்தது. பிடித்த நூல் கையில் இருந்தால் அதன் முதுகைப் பாருங்கள், அதே பிரிவில் அதே ஆண்டுகளில் வேறு என்ன வந்தது என்று தேடுங்கள். ஒரு பதிப்பாசிரியரின் ரசனை அங்கே ஒரு தடமாகப் பதிந்திருக்கும்.

அதேபோல இன்னொரு தடம் விருதுப் பட்டியல்கள். வென்ற நூல்கள் அல்ல, இறுதிச்சுற்று வரை வந்து வெல்லாமல் போனவை. ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 2019 வரை வழங்கிய ரீட்டா விருதில், இயற்கைக்கு அப்பாற்பட்ட காதல் கதைகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அதன் பழைய ஆண்டுகளின் இறுதிப் பட்டியல்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ஆரியலிஸ் விருதுகள் 1995 முதல் வழங்கப்படுகின்றன, அவற்றின் மிகைபுனைவு நாவல் பட்டியலிலும் அந்நாட்டுக்கு வெளியே பேசப்படாத தொடர்கள் ஏராளம். எழுத்தாளர்கள் நூலின் முடிவில் எழுதும் நன்றியுரையும் பெரிய சுரங்கம். கைப்பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்ன சக எழுத்தாளர்களின் பெயர்கள் அங்கே இருக்கும், அவர்களும் பெரும்பாலும் அதே வகையில்தான் எழுதுவார்கள்.

வாசகர் மதிப்புரைகளைப் படிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் மகிழ்ச்சியைச் சொல்வார், ஒரு நட்சத்திரம் கொடுப்பவர் கோபத்தைச் சொல்வார், மூன்று கொடுப்பவர்தான் நூலைச் சொல்வார். அதைவிட முக்கியம், எனக்குப் பிடிக்காத புகழ்பெற்ற நூல் எதுவோ அதே நூல் அதே காரணத்துக்காகப் பிடிக்காமல் போன ஒருவரைக் கண்டுபிடிப்பது. ரசிப்பில் ஒத்துப்போகிறவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், சலிப்பில் ஒத்துப்போகிறவர்கள் அரிது. காதலன் காதலியை இழிவாகப் பேசுவதையே நெருக்கமாகக் காட்டும் கதைகள் எனக்கு ஒவ்வா. அதே குறையை எழுதியிருந்த முகமறியாத ஒருவரின் வாசிப்பு அலமாரியிலிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த நூல் கிடைத்தது.

அந்த நூல் கிரேஸ் டிரேவனின் 'ரேடியன்ஸ்', 2014இல் வந்தது, 'ராய்த் கிங்ஸ்' வரிசையின் முதல் நூல். இரண்டு அரச குடும்பங்களிலும் வாரிசுரிமைக்கு வெகு தொலைவில் இருக்கும் இருவர், நாடுகளின் உறவுக்காக மணம் முடித்து வைக்கப்படுகிறார்கள். அவள் மனித இனம், அவன் சாம்பல் நிறமும் கூரிய பற்களும் இரவில் ஒளிரும் கண்களும் கொண்ட வேற்றினம். அவள் கண்ணுக்கு அவன் அருவருப்பானவன், அவன் கண்ணுக்கு அவளும் அப்படியே. முதல் சந்திப்பிலேயே இருவரும் அதை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறார்கள், சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வருகிறது, அங்கிருந்து நட்பு தொடங்குகிறது. அதில் பெரிய சண்டையோ பொய்யான பிணக்கோ இல்லை. ஒருவர் உணவை மற்றவர் எப்படிச் சாப்பிடுவது, ஒருவர் பகலில் மற்றவர் எப்படித் தூங்குவது என்று சின்னச் சின்னப் பக்கங்களில் அன்பு சேர்கிறது. அந்த நூலைப் படித்த மூன்று நாளும் நான் பட்ட அலைச்சல் எனக்கு நினைவில் இல்லை.

மனம் தாங்காத பகுதிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் பழைய நூல்களில் முன்னெச்சரிக்கைக் குறிப்பு இருக்காது. ஜூலியட் மரிலியரின் 'செவன்வாட்டர்ஸ்' வரிசையின் முதல் நூல் 'டாட்டர் ஆஃப் தி ஃபாரஸ்ட்', 1999இல் வந்தது. அன்னப்பறவைகளாக மாற்றப்பட்ட ஆறு அண்ணன்மார்களை மீட்க, தங்கை ஒருத்தி வாய்பேசாமல், கையைக் கிழிக்கும் முட்செடியின் நாரால் சட்டைகள் நெய்ய வேண்டும். கிரிம் சகோதரர்களின் கதையொன்றைத் தழுவிப் பண்டைய அயர்லாந்தில் வைத்து எழுதியது. ஒரு வார்த்தையும் பேச முடியாத பெண்ணைக் காதலிப்பது எப்படி என்பதை இவ்வளவு மென்மையாக எழுதிய நூலை நான் வேறு படித்ததில்லை. ஆனால் அதில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி உண்டு, அது திடீரென்று வருகிறது. அட்டையில் இருந்த அழகான ஓவியத்தை நம்பித் தூங்கப்போகும் முன் படித்த எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. நூலை வாங்கும் முன், அதில் இத்தகைய காட்சிகள் உள்ளனவா என்று வாசகர்கள் தொகுத்து வைத்திருக்கும் குறிப்புகளைப் பாருங்கள். ஸ்டோரிகிராஃப் போன்ற தளங்களில் ஒவ்வொரு நூலுக்கும் அப்படி ஒரு பகுதி இருக்கிறது. கதை கொஞ்சம் தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், எதற்கு மனத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் அந்த நூலை இன்னும் நன்றாகப் படிக்கலாம்.

பணம் தீர்ந்த பிறகுதான் நூலகத்துக்குப் போனேன், முதலிலேயே போயிருக்க வேண்டும். அச்சில் இல்லாத நூலை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் முறை பல நூலகங்களில் உண்டு. நூலின் சர்வதேச நூல் எண்ணையும் (ISBN) முதல் பதிப்பின் ஆண்டையும் எழுதிக் கொடுத்தால் வேலை எளிது. தலைப்பை மட்டும் எழுதிக் கொடுத்த முதல் முறை எனக்கு வேறு ஒருவர் எழுதிய தோட்டக்கலை நூல் வந்தது. நூலகரிடம் கேட்கும் விதத்தையும் அங்கேதான் கற்றேன். அந்தப் புகழ்பெற்ற நூலைப் போல ஒன்று வேண்டும் என்று கேட்டால் அவரும் அதே பத்துப் பெயர்களைத்தான் சொல்வார். மெதுவாக நெருங்கும் இருவர், ஒருவரையொருவர் மதிக்க வேண்டும், மணத்துக்குப் பிறகும் கதை தொடர வேண்டும், 2010க்கு முன்பு வந்ததாக இருந்தால் நல்லது, தொடர் முடிந்திருக்க வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போய், தூசு தட்டி மூன்று நூல்களைக் கொண்டுவந்தார். மூன்றுமே ஃபேன்டஸி அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து வந்தவை, ஒன்றின் அட்டையில் வாளும் கோட்டையும் மட்டுமே இருந்தன. கடைசியாக அதை எடுத்துச் சென்ற வாசகருக்கான தேதி முத்திரை ஒன்பது ஆண்டு பழையது.

இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், அதில் முதல் பதிப்பின் ஆண்டு, பழைய தலைப்பு, முடிந்த தொடரா, ஒரே இணையா வெவ்வேறு இணைகளா, யார் வழியாகத் தெரிந்தது என்ற ஐந்து வரிகள். ஐந்தும் நிரம்பிய பிறகுதான் நூலை வரவழைக்கிறேன். சென்ற மூன்று மாதங்களில் வாங்கியவை நான்கு நூல்கள், இரவல் பெற்றவை பதினொன்று, பாதியில் மூடியது ஒன்றே ஒன்று. வாளும் கோட்டையும் போட்ட அந்த நூலின் இரண்டாம் பாகத்துக்கு நேற்றுத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.